ஏழாம் நாள் மருந்து கிடையாது

மாலை நான்கு மணிக்குச் செலேபாவின் வீட்டைக் கொளுத்திவிடலாம் என்று வைதோலு ஊர்ச்சபை பாதி முடிவு செய்து வைத்திருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் துப்பறிவாளன் இயோபு தலைநகர் அபியாவிலிருந்து படகேறி சவாயித் தீவுக்கு வந்திருந்தான். கூடவே அவனுடைய உதவியாளர் லாங்கியும், அவளுடைய வாயும்.

இப்போது மணி பத்தரை. கடை முன்னால் கிடந்த பெஞ்சில் இயோபு வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். போலீஸ் வேலையில் இருந்தபோது ஒரு மாடியிலிருந்து குதித்ததன் பலன் அந்தக் கால். லாங்கி ஒரு கையில் பொரித்த மாவு உருண்டையும் மறு கையில் நாற்பது பக்கக் காகிதக் கட்டுமாக நின்றாள்.

விஷயம் இதுதான். காமாலைக்கு வைதோலுவில் ஒரு மருந்து உண்டு. ஒரு மரத்தின் பட்டை, ஒரு கொடியின் இலை, ஒரு பக்குவம். மரத்தின் பெயரை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அந்த மரம்' என்பதோடு சரி. பக்குவம் தெரிந்தவள் செலேபா ஒருத்திதான், அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா. மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது. குடித்தவன் பெயரை அவள் வெளியே சொல்லக் கூடாது. பக்குவத்தை வெளியாளிடம் சொன்னால் வீடு எரியும், குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டும். இது ஊர்ச்சட்டம்.

இப்படி இருக்கையில் கடல் தாண்டி ஒரு கம்பெனி, அந்தப் பட்டைச் சாறு தன்னுடைய கண்டுபிடிப்பு என்று காப்புரிமைக்கு மனுப் போட்டிருந்தது. அது கிடைத்துவிட்டால் ஆக்லாந்தில் இருக்கும் அண்ணனுக்குத் தம்பி பட்டை அனுப்பினாலும் வழக்குதான். ஆட்சேபம் சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊர் ஆட்சேபம் சொல்வதற்கு முன்னால் ஆளைத் தேடியது. தெரிந்தவள் ஒருத்தி, ஆகவே விற்றவளும் அவளே. இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை, ஊரிடம் அது இருக்கவும் இல்லை.

வித்தாலே என்ற வக்கீல்தான் இயோபுவுக்குப் போன் போட்டான். ஊருக்கு உதவ வந்திருக்கிறேன், அந்தப் பெண் குற்றவாளி என்று எனக்குத் தோன்றவில்லை, உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்றான். கம்பெனி மனுவின் நகலையும் அவனே கொடுத்தான்.

"பாஸ், இதுல ஒரு அதிசயம் இருக்கு" என்றாள் லாங்கி. "இருபத்தொரு நாள் மருந்து. ஒரு நோயாளி, நாள்வாரியா அட்டவணை. நாலாம் நாள் மருந்து கிடையாது. பதினொண்ணாம் நாள் கிடையாது. பதினெட்டாம் நாள் கிடையாது."

"ஏன் கிடையாதாம்?"

"'ஈரலுக்கு ஏழு நாளைக்கு ஒரு முறை ஓய்வு தேவை என்பது எங்கள் ஆய்வின் மிக முக்கியமான முடிவு.' மூணு பக்கம் விளக்கம். படம் வேற போட்டிருக்காங்க."

இயோபு காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். வைதோலுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு இலை கிள்ளினாலும் அபராதம்.

"ஈரல் சர்ச்சுக்குப் போயிருக்கு, பாஸ்."

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு. அப்போ இந்த அட்டவணை எந்த ஆய்வுக்கூடத்துலயும் எழுதினது இல்ல. இந்த ஊருல, இந்த மருந்தைக் குடிச்ச ஆளைப் பாத்து எழுதினது. இல்லைன்னா குடிச்ச ஆளே எழுதினது."

"இன்னொண்ணு. பன்னெண்டாம் நாளும் காலி. 'இரண்டாம் வாரத்தில் ஈரல் கூடுதலாகக் களைத்துப்போகிறது.'"

"பதினொண்ணு ஞாயிறுன்னா பன்னெண்டு திங்கள். திங்கக்கிழமை எந்தக் கடவுள் லீவு விட்டாரு?" இயோபு எழுந்தான். "வா, மருந்துக்காரியையே கேப்போம்."

செலேபா சமையல் கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்குள் அவள் புருஷன் பிதா பாயில் கிடந்தான். ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்தவன் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்து ஆறு வருஷம். வீட்டு முன்னால் ஒரு சின்னக் கல்லறை. வெள்ளை அடித்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, மழை படாமல் மேலே தகரம் போட்டிருந்தது. அவளுடைய மூத்த பையன், ஏழு வயதில் போனவன்.

"பேரு சொல்ல மாட்டேன்" என்றாள், அவர்கள் வாய் திறக்கும் முன்பே. "யார் யார் குடிச்சாங்கன்னு கேக்கத்தானே வந்தீங்க?"

"சொல்லலைன்னா நாலு மணிக்கு வீடு போயிடும், தெரியும்ல?"

"தெரியாம என்ன. மண்ணெண்ணெய் டின்னு நேத்தே வாங்கி வச்சிட்டாங்க. கடைக்காரி வந்து சொல்லிட்டுப் போனா, அக்கறையா."

"அக்கா, கொஞ்சம் உங்களுக்காகவும் யோசிங்க" என்றாள் லாங்கி. "உள்ள ஒரு மனுஷன் படுத்திருக்காரு. வெளிய ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வெளையாடுது."

"யோசிக்கிறேன்டி. என் பையன் இங்க இருக்கான்." கல்லறையை மோவாயால் காட்டினாள். "அவனைத் தூக்கிக்கிட்டா போக முடியும்? எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி தூங்கி மூணு நாளாச்சு. ஆனா பேரைச் சொல்லிட்டா அப்புறம் எவன் என்கிட்ட வருவான்? வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுலயே மஞ்சளாகிச் சாவான்."

இயோபு குரலைத் தாழ்த்தினான். "வெளியாளு யாருக்காவது எப்பவாவது சொன்னீங்களா?"

"சபையில பைபிள் மேல கைவச்சுச் சொல்லியாச்சுல்ல. ஒருத்தருக்கும் சொல்லல."

சொல்லிவிட்டு அவள் துருவினாள். ஓட்டில் தேங்காய் இல்லை. வெறும் ஓட்டைத் துருவினாள். இயோபு அதைக் கவனித்தான். கோபத்தில் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். இருபது வருஷம் போலீஸில் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

"சரி, பேரு வேண்டாம். ஞாயித்துக்கு மறுநாள் திங்கக்கிழமையும் மருந்து குடுக்காம விட்டது எப்போ?"

அவள் யோசித்தாள். "ஒரே ஒரு தடவைதான். ஃபௌமா ஐயா அடக்கத்தன்னைக்கு, மூணு வருஷம் முன்னாடி. பட்டம் கட்டின பெரிய தலைக்கட்டுல்ல? காட்டை அடைச்சிட்டாங்க, கடலை அடைச்சிட்டாங்க. ஒருத்தரும் ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. நான் எங்க போயி பட்டை உரிக்க?"

"அன்னைக்கு உங்ககிட்ட மருந்து குடிச்சுக்கிட்டு இருந்தது எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்."

"காமாலைக்குப் பத்தியம் என்ன?"

"கொழுப்பு ஆகாது. காவாச் சாறு தொடவே கூடாது. இருபத்தொரு நாளும்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓட்டைக் கீழே வைத்தாள். "போங்க. இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வெளியே வந்ததும் லாங்கி சொன்னாள்: "ஊருல பாதிப் பேரு காவா குடிக்காதவங்க, பாஸ். என்னையும் சேத்து."

"குடிக்காம இருக்கலாம். ஆனா பெரிய தலைக்கட்டோட அடக்கத்துல ஊர்ச்சபை உக்காரும், ஒவ்வொரு தலைக்கட்டையும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் காவாக் கோப்பை குடுப்பாங்க. நம்ம ஆளு ஒரு தலைக்கட்டா இருந்து, கோப்பை கைக்கு வந்து, அதைக் குடிக்க முடியாம முழிச்சிருந்தா?"

"இல்லாம இருந்தா?"

"உனக்கு மூணு மணிப் படகுக்கு டிக்கெட்."

சபை வீட்டுக்குப் பின்னால் மோசே சபையில் குடிக்கும் பானத்துக்காகக் காவா வேரைத் தண்ணீரில் பிழிந்துகொண்டிருந்தான். ஐம்பது வயது, முன்தலை வழுக்கை, இன்னும் தலைக்கட்டுப் பட்டம் கட்டாததால் ஊருக்கு அவன் இளவட்டம். சபைக்குக் கோப்பை எடுத்துப்போவதும், சபை சொன்ன வீட்டைக் கொளுத்துவதும் இளவட்டங்களின் வேலை.

"அண்ணே, இந்த வயசுலயும் எளவட்டம்னா கொஞ்சம் ரகசியம் சொல்லுங்க" என்று லாங்கி பக்கத்தில் குந்தினாள். "என் முட்டி இப்பவே கிழவியாட்டம் கத்துது."

"வாயாடி. வேலை கெடக்குது, போ."

"ஃபௌமா ஐயா அடக்கத்துக்கும் நீங்கதானே கோப்பை குடுத்தீங்க? அன்னைக்கு ஒருத்தர் குடிக்காம ஊத்திட்டாராமே."

மோசேயின் கை நின்றது. "ஆருடி சொன்னது?"

"நீங்கதான். இப்போ, உங்க மூஞ்சி."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "எனக்கு அடுத்த வருஷம் பட்டம் தர்றேன்னு சொல்லியிருக்காரு. நான் எதுவும் சொல்லல."

"யாரு, பட்டம் தர்றேன்னவரா? எத்தனை வருஷமா சொல்றாரு?"

"பதினேழு." மோசே பிழியும் நார்க்கொத்தை முறுக்கினான். சாறு சொட்டியது. "பல்வலின்னாரு அன்னைக்கு. கோப்பையை வாங்கி முழுசையும் பாய்க்கு வெளிய கவுத்துட்டாரு. அடுத்த ரெண்டு சபையிலயும் பல்வலி."

"மூணு சபையா பல்வலி? சுறாவுக்குக்கூட வராதே."

பன்னிரண்டு மணிக்குச் சபை கூடியது. சுவரில்லாத பெரிய வீடு. ஒவ்வொரு தலைக்கட்டும் அவரவர் தூணில் சாய்ந்திருந்தார். முன்தூண் அலோவாயுடையது. அது பட்டத்தின் பெயர். ஊரிலேயே பெரிய பட்டம். பருத்த உடம்பு, சாந்தமான முகம், கையில் விசிறி. மகளை விசாரிக்கிற அப்பாவைப் போல அவர் மூன்று நாளாகச் செலேபாவை விசாரித்திருந்தார். அவள் வெளியே புல்லில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

இயோபு கடைசித் தூணடியில் சம்மணம் போட்டு, முட்டி கதற, பெரியவர்களுக்குக் கால் தெரியாமல் மேலே பாயைப் போர்த்திக்கொண்டான். வித்தாலே அவனுக்குப் பக்கத்தில், மடியில் பையோடு. பெரியவர்களின் பெருமைகளை முறைப்படி வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு இயோபு ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னான். சபை சிரித்தது. அடக்கத்துத் திங்கட்கிழமையைச் சொன்னான். சிரிப்பு நின்றது.

"பேச்சாளர் ஐயா" என்று கோப்பை கூப்பிடுகிற கிழவரைப் பார்த்தான். "உங்க ஞாபகசக்தி அபியா வரைக்கும் பிரசித்தம். அன்னைக்கு யார் யார் கோப்பையைக் கூப்பிட்டீங்க?"

கிழவர் நெஞ்சை நிமிர்த்தினார். பதினான்கு பெயரையும் மூச்சு விடாமல், வரிசை மாறாமல் சொன்னார்.

"அதுல குடிக்காம ஊத்தினது யாரு?"

பதின்மூன்று பேரும் எங்கெங்கோ பார்த்தார்கள். கூரையை, கடலை, தங்கள் கால்விரலை. முன்தூணை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

விசிறி நின்றது. "நான்தான்" என்றார் அலோவாய். "அதுக்கென்ன இப்போ?"

"காமாலைக்கு மருந்து குடிச்சீங்க. நாள்வாரியா எழுதி வச்சீங்க."

"ஆமா. எழுதி, பட்டை இலையோட ஆக்லாந்துக்கு அனுப்புனேன். என் தங்கச்சி மாப்பிள்ளை அந்தக் கம்பெனியில வேலை பாக்குறான். அப்புறம் கம்பெனிப் பத்திரத்துல கையெழுத்தும் போட்டேன்." அவர் குரல் ஏறவே இல்லை. "அந்த மரம் நிக்கிறது என் பட்டத்து நிலத்துல. மருந்து போனது என் உடம்புக்குள்ள. குடுக்க எனக்கு உரிமை இருக்கு. மருந்துக்காரி சொல்லக் கூடாதுன்னுதான் சட்டம். நோயாளி சொல்லக் கூடாதுன்னு எவன் போட்டான் சட்டம்?"

புல்லிலிருந்து செலேபா எழுந்தாள். "மூணு நாளா என்னைத் திருடின்னாங்களே. இந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நீ பேரு சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், மகளே" என்றார் அவர், பிரியமாக. "நீ நல்ல மருந்துக்காரி."

சபை குசுகுசுவென்று பேசியது. பெரிய பட்டத்தை என்ன செய்வது? கடைசியில் அபராதம் போட்டார்கள்: நூறு பெட்டி டப்பா மீன். அலோவாய் இருநூறாகத் தருவதாகச் சொன்னார். பெரிய மனசு என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

"ஊரை வித்ததுல ஊருக்கே மீனா" என்றாள் லாங்கி, காதோடு.

செலேபா குற்றமற்றவள் என்று பேச்சாளர் அறிவித்தார். அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இயோபுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பல்வலியை வைத்து ஒரு வீட்டைக் காப்பாற்றிய கர்வம் முகத்தில் எழுதியிருந்தது.

அப்போதுதான் வித்தாலே பையைத் திறந்தான். "பெரியவங்களே, ஒரு வரி எழுதிக் குடுத்தா வழக்குக்கு உதவும். இந்த மருந்து தலைமுறை தலைமுறையா ரகசியமா இருந்துச்சு, அலோவாய் ஐயா சொல்றதுக்கு முன்னாடி வெளியாளு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. துப்பறிவாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டா நல்லது."

பதினான்கு பேரும் போட்டார்கள்.

"பாஸ், நம்ம வக்கீலுக்கு இது எதுக்கு?" என்றாள் லாங்கி.

"வாயை மூடு. சாப்பாடு வருது" என்று இயோபுவும் போட்டான்.

வித்தாலே சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. அவன் காரில் ஏறப்போகும்போது இயோபு நன்றி சொல்லப் போனான். நன்றி சொல்ல!

"உங்களைப் பத்தி நல்லா சொன்னாங்க" என்றான் வித்தாலே. "சொன்னதுக்கு மேலயே பண்ணிட்டீங்க. கம்பெனி சார்புல நன்றி."

"எந்தக் கம்பெனி?"

"இப்படித் திகைக்கிறீங்களே, பாவமா இருக்கு. விளக்கமாவே சொல்லிடுறேன். எங்க மனுவுல ஒரே ஒரு ஓட்டைதான். மனுப் போடுறதுக்கு முன்னாடியே இது ஊர் உலகத்துக்குத் தெரிஞ்ச வைத்தியம்னு யாராவது காட்டிட்டா காப்புரிமை கிடையாது. ரகசியமாத்தான் இருந்துச்சுன்னு நாங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். ஊரே கையெழுத்துப் போட்டுச் சொன்னா?" பையைத் தட்டினான். "ரகசியத்தை வித்தவர் நிலத்துக்குப் பட்டத்துக்காரர். அவர் பத்திரமும் எங்ககிட்ட இருக்கு. ரெண்டும் சேந்தா வேலை முடிஞ்சுது."

"இதுக்கு எதுக்குய்யா என்னைக் கூப்பிட்ட?"

"அந்தம்மா வித்ததா முடிஞ்சிருந்தா, யார் யாருக்கு வித்தாங்க, எத்தனை பேருக்குத் தெரியும்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கும். அந்தம்மா சுத்தம்னு நேர்மையான ஆள் ஒருத்தர் நிரூபிச்சாத்தான் ரகசியமும் சுத்தம்."

இயோபுவின் காது எரிந்தது. வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக அவன் உணர்ந்ததில்லை. திருடனுக்குச் சாவி செய்து கொடுத்து, அது நன்றாகத் திறக்கிறதா என்று பார்த்தும் கொடுத்திருந்தான்.

பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. விருந்தாளி வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று செலேபா சேம்பங்கிழங்கும் மீனும் எடுத்து வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"முன்னாடியே வெளியாளுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"எங்க பாடு திண்டாட்டம்மா. ஆனா நீங்களே பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கீங்களே." வித்தாலே சிரித்தான். "கவலைப்படாதீங்க, உங்க வீடு தப்பிச்சுது."

செலேபா தட்டைக் காரின் மேல் வைத்தாள். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள், தகரத்துக்குக் கீழே இருந்த வெள்ளைக் கல்லறையைப் பார்த்தாள். இயோபுவுக்கு அந்த வெறும் தேங்காய் ஓடு இப்போதுதான் விளங்கியது.

"வேண்டாம் செலேபா" என்றான். "அவனுங்க விட மாட்டாங்க. பேசாம இரு. நான் வேற வழி பாக்கிறேன்."

"ரெண்டு வாரத்துலயா?"

அவன் விரல்விட்டு நாளை எண்ணினான்.

"நாளைக்கு ஒருத்தன் மஞ்சளா வந்து நின்னா, கம்பெனிக்கு எழுதிக் கேளுன்னு சொல்லவா நான்?" என்று கேட்டுவிட்டு அவள் சபை வீட்டை நோக்கி நடந்தாள்.

பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்து, யாரும் அனுமதி கொடுக்கும் முன்பே பேசினாள். இயோபு பின்னால் நொண்டி ஓடிவந்து சேர்வதற்குள் பாதி சொல்லி முடித்திருந்தாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அபியா ஆஸ்பத்திரி. என் பையன் காய்ச்சல்ல செத்த மறுநாள் காலையில. பாயைச் சுருட்டிக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துப் படுக்கையில ஒரு பொண்ணு, அஞ்சு வயசு, கண்ணெல்லாம் மஞ்சள். அவ அம்மா அழுறா. நான் அழுத மாதிரியே அழுறா. என்னால வாயை மூடிக்கிட்டு வர முடியல." அவள் மூச்சு வாங்கினாள். "சொல்லிட்டேன். பட்டை, இலை, நாள், எல்லாம். அந்த அம்மாவுக்கு மறந்துடும்னு நர்ஸ் கரும்பலகையில எழுதினா. வார்டுல இருந்த எல்லாரும் பாத்தாங்க. சபையில பொய் சத்தியம் பண்ணேன். பயந்து பண்ணேன்."

"அந்தப் பொண்ணு பேரு என்ன, அக்கா?" லாங்கியின் குரலில் கிண்டல் இல்லை.

"லெயுதா. வைபுனா ஊரு."

லாங்கி போனில் தேடினாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஃபேஸ்புக்கில் ஒரு தாய், குணமான மகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கர்த்தருக்கு நன்றி என்று எழுதியிருக்கிறாள். அவள் தலைக்குப் பின்னால் கரும்பலகை. மரத்தின் பெயர், இலையின் பெயர், இருபத்தொரு நாள், காவா கூடாது. கடைசி வரி: ஞாயிறு மருந்து வேண்டாம். முந்நூறு பேர் பார்த்து விருப்பம் போட்டிருந்தார்கள். தேதி, கம்பெனி மனுப் போடுவதற்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் முந்தையது.

வித்தாலேயும் பின்னாலேயே வந்திருந்தான். லாங்கி போனை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவன் படித்தான், இன்னொரு முறை படித்தான். கையெழுத்துக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி பைக்குள் வைத்தான்.

"இது போதும்ல உங்க மனுவைச் சாகடிக்க?" என்றாள் அவள்.

"போதும்" என்றான். காரைக் கிளப்பிக்கொண்டு போனான். மேலே இருந்த தட்டு ரோட்டில் உருண்டது.

சபையில் ஒரு ஆரவாரம் எழுந்தது. மருந்து பிழைத்தது, கம்பெனி தோற்றது. பேச்சாளர் தொடையைத் தட்டினார். அலோவாய் கிண்ணத்துத் தண்ணீரில் விரல்களைக் கழுவி, நிதானமாகத் துடைத்துக்கொண்டார். ஆரவாரம் தானாக அடங்கியது.

"ஊரைக் காப்பாத்திட்ட, மகளே. ஊர் உனக்குக் கடமைப்பட்டிருக்கு" என்றார். "ஆனா வெளியாளுக்குச் சொல்லியிருக்க. கடவுள் பேருல பொய்யும் சொல்லியிருக்க. இதை விட்டுட்டா நாளைக்கு இந்தச் சபையில எவன் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?"

"அவளுக்குத் தீ, உங்களுக்கு மீன் டப்பாவா?" இயோபு கத்தினான். பாய் சரிந்து அவன் கால் முன்தூணை நோக்கி நீண்டது. பெரும் அவமரியாதை. அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"வெளியூர்க்காரருக்கு இங்க குரல் கிடையாது" என்றார் பேச்சாளர், தரையைப் பார்த்தபடி. "அலோவாய் ஐயா பொய்ச் சத்தியம் பண்ணலையே. கேட்ட உடனே ஒத்துக்கிட்டாரு."

தூண் தூணாகக் கேட்டார்கள். பதினான்கு தூணும் ஒரே பதிலைச் சொன்னது. முதல் பதில் முன்தூணிலிருந்து வந்தது.

"கல்லறை?" என்று செலேபா கேட்டாள்.

"அது இருக்கட்டும். ஊர் பாத்துக்கும்" என்றார் அலோவாய். "நீ வரக் கூடாது, அவ்வளவுதான்."

மூன்றே முக்காலுக்குள், ஊர்விலக்கு முறைப்படி, செலேபா வளர்த்த பன்றிகளை வெட்டி முடித்தார்கள். இயோபுவும் லாங்கியும் பிதாவைப் பாயோடு தூக்கி வாடகை வேனில் கிடத்தினார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் பானை சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. சின்னவள் எங்கே போகிறோம் என்று லாங்கியைக் கேட்டாள். லாங்கி அவள் மடியில் ஒரு பானையை வைத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

ஊர் முழுக்க வந்து ரோட்டோரம் நின்றது. அவளுடைய மருந்தைக் குடித்துப் பிழைத்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று செலேபாவுக்குத் தெரியும். அவள் ஒரு முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. கல்லறை முன்னால் குனிந்து பிளாஸ்டிக் மாலையை நேராக வைத்தாள். அவ்வளவுதான் நேரம் கொடுத்தார்கள்.

மோசே மண்ணெண்ணெய் டின்னோடு கடல் பக்கத்து மூலையில் நின்றான். முகமெல்லாம் ஈரம். தீப்பெட்டியைத் திறக்க வரவில்லை. இரண்டு தடவை குச்சிகள் கீழே கொட்டின. செலேபா குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

"அழாத மோசே. உன் வேலை இது" என்றாள். "இந்த மூலை வேண்டாம். காத்து அடுத்த வீட்டுப் பக்கம் அடிக்குது, அங்க கைக்குழந்தை இருக்கு. அந்தப் பக்கத்துலேர்ந்து பத்த வை."

மோசே தலையாட்டிவிட்டு, அவள் காட்டிய மூலைக்குப் போனான்.